ஒரே சேஞ்ச்லிஸ்ட் எண்ணில் அடங்காத வெளியீட்டை லேபிளால் குறிப்பது எப்படி? (பெர்ஃபோர்ஸ்)

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். மின்மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதும் சிறு குழு எங்களுடையது. மூலநிரல் முழுவதும், கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் பதிப்பு மேலாண்மை மென்பொருளான பெர்ஃபோர்ஸின் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எந்தக் கோப்பின் எந்த ரிவிஷனிலிருந்து (பதிப்பிலிருந்து) பில்ட் எடுத்தோம் என்பதை லேபிள் என்ற பெயர்க்குறி போட்டுக் குறித்து வைக்கிறோம்.

சேஞ்ச்லிஸ்ட் (ஒன்றாகச் சர்வரில் சேர்த்த மாற்றங்களின் தொகுப்பு) எண்ணை எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காக எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அண்மை வெளியீட்டில் மைய நிரல் 48210 என்ற சேஞ்ச்லிஸ்ட் வரை எடுக்கப்பட்டது. ஆனால் கேலிப்ரேஷன் (அளவுத்திருத்த) அட்டவணைகளைச் சோதனைக்கூடம் ஒப்புதல் அளித்த ரிவிஷனிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அவை அந்த எண்ணுக்கு முந்தையவை. டிரைவர் அடைவில் ஒரே ஒரு கோப்பு 48210-க்குப் பிறகு திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் எங்களுக்கு வேண்டும், அதன் பிறகு அதே அடைவில் நுழைந்த மற்ற மாற்றங்கள் வேண்டாம். ஆகவே எந்த ஓர் எண்ணைச் சொன்னாலும் அது எங்கள் வெளியீட்டை முழுமையாகச் சுட்டாது.

இப்போது இரண்டு சிக்கல்கள் வந்திருக்கின்றன. முதலாவது, பில்ட் பொறியிலேயே இருந்து, அங்கிருந்த ஒர்க்ஸ்பேஸை (சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கி வைக்கும் பணியிடத்தை) வைத்து, 'டேக்' கட்டளையால் போடப்பட்ட லேபிளிலிருந்து மறுபடியும் பில்ட் எடுத்தபோது, முக்கியமான ஒரு கேலிப்ரேஷன் அட்டவணை ஒப்புதல் பெற்ற #7 ஆக (ஏழாவது ரிவிஷனாக) இல்லாமல் #9 ஆக வந்து நின்றது. அந்த ஒர்க்ஸ்பேஸில் இன்றைக்கும் #7 தான் இருக்கிறது. இரண்டாவது, அதே லேபிளுக்கு சிங்க் செய்த (அதிலுள்ள ரிவிஷன்களைத் தன் பொறிக்கு இறக்கிய) இன்னொரு பொறியாளரின் ஒர்க்ஸ்பேஸிலிருந்து சோதனைக் கருவிகள் அடைவு முழுவதும் காணாமல் போனது. சர்வரில் அது பத்திரமாகவே இருக்கிறது.

லேபிள் என்ற ஏற்பாட்டையே நம்பலாமா, அல்லது நாங்கள் வேறு வகை லேபிளைப் பயன்படுத்தியிருக்க வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: நெடுவழி

இளவேனில் அவர்களுக்கு வணக்கம். லேபிளை நம்பலாம்; உங்கள் நிலைக்குப் பொருத்தமானதும் அதுதான். ஒரே எண்ணால் சுட்ட முடியாத ரிவிஷன் தொகுப்பைப் பெயரிட்டு வைப்பதற்காகத்தான் பெர்ஃபோர்ஸில் நிலையான லேபிள் இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டும் பிழையல்ல, கட்டளைகள் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அதை அறியாமல் லேபிள் போடுவது ஆபத்தானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லேபிளில் கோப்புகளைச் சேர்க்க 'டேக்', 'லேபிள்சிங்க்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். கோப்புப் பெயருடன் ரிவிஷனைக் குறிப்பிடாமல் விட்டால் 'டேக்' கட்டளை சர்வரில் அந்த நொடியில் இருக்கும் கடைசி ரிவிஷனை, அதாவது ஹெட்டை, லேபிளில் எழுதும். உங்கள் ஒர்க்ஸ்பேஸில் எது இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. 'லேபிள்சிங்க்' அதற்கு நேர்மாறானது. வேறொன்றும் சொல்லாவிட்டால், ஒர்க்ஸ்பேஸில் இருப்பதாக சர்வர் பதிவு செய்து வைத்திருக்கும் ரிவிஷன்களை அப்படியே லேபிளுக்குள் கொண்டுவரும். உங்கள் அட்டவணையின் #8, #9 ஆகிய இரண்டும் சோதனைக்கூடத்தின் ஒப்புதலுக்குப் பிறகு, லேபிள் போடுவதற்கு முன்பு, யாரோ சப்மிட் செய்தவையாக (சர்வரில் சேர்த்தவையாக) இருக்க வேண்டும். பில்ட் பொறி #7-ஐ வைத்துக்கொண்டு சரியான பைனரியை (கருவியில் ஏற்றும் இறுதிக் கோப்பை) தந்திருக்கிறது, லேபிள் மட்டும் #9-ஐப் பிடித்துக்கொண்டது.

இனி இப்படிச் செய்யுங்கள். பில்ட் எடுப்பதற்கென்றே தனியாக ஓர் ஒர்க்ஸ்பேஸ் இருக்கட்டும். முதலில் மைய அடைவு முழுவதையும் @48210-க்கு சிங்க் செய்யுங்கள். அடுத்து கேலிப்ரேஷன் அடைவை மட்டும் ஒப்புதல் பெற்ற நிலைக்குப் பின்னே இழுங்கள். பிறகு அந்த ஒற்றை டிரைவர் கோப்பை அதற்குரிய ரிவிஷனுக்கு முன்னே நகர்த்துங்கள். பில்ட் எடுத்து, சோதனை முடிந்த பிறகு, அந்த ஒர்க்ஸ்பேஸில் எதையும் தொடாமல் 'லேபிள்சிங்க்' கொடுங்கள். முதலில் -என் என்ற ஆப்ஷனுடன் கொடுத்தால் எந்தெந்தக் கோப்பு லேபிளில் சேரும், எது நீங்கும் என்பதைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தப் பட்டியலைப் படித்த பிறகு உண்மையாகவே ஓட்டலாம். 'டேக்' கட்டளையையே வைத்துக்கொள்ள விரும்பினால், கோப்புப் பாதையின் முடிவில் #ஹேவ் என்றோ, @ குறியுடன் பில்ட் ஒர்க்ஸ்பேஸின் பெயரையோ சேர்த்துக் கொடுங்கள். ஒர்க்ஸ்பேஸின் பெயரையே ரிவிஷன் குறியீடாகக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. உங்கள் மேசையில் இருந்தபடியே பில்ட் பொறி வைத்திருக்கும் ரிவிஷன்களுக்கு லேபிள் போட இது உதவும்.

ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். 'டேக்' சேர்க்கவும் மாற்றவும் செய்யுமே ஒழிய, நீங்கள் குறிப்பிடாத கோப்புகளின் பழைய பதிவுகளை நீக்காது. 'லேபிள்சிங்க்' அப்படியல்ல, -ஏ ஆப்ஷன் இல்லாமல் கொடுத்தால், ஒர்க்ஸ்பேஸில் இல்லாத கோப்புகளை லேபிளிலிருந்தும் எடுத்துவிடும். வெளியீட்டுக்கு இந்த நடத்தைதான் வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் லேபிள் பில்ட்டின் அச்சு அசலான பிரதியாக இருக்க வேண்டும்.

லேபிளில் இடம்பெறுவது சப்மிட் ஆன ரிவிஷன்கள் மட்டுமே. பில்ட் ஒர்க்ஸ்பேஸில் யாராவது ஒரு ஹெடர் கோப்பை எடிட்டுக்காகத் திறந்து ஒரு மாறிலியை மாற்றி வைத்திருந்தால், அந்த மாற்றம் பைனரிக்குள் போய்விடும், லேபிளுக்குள் வராது. ஆகவே லேபிள் போடும் முன் 'ஓப்பன்ட்' கட்டளையின் வெளியீடு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். திறக்காமலேயே மாற்றப்பட்ட கோப்புகளை 'ஸ்டேட்டஸ்' காட்டிக்கொடுக்கும்.

இனி காணாமல்போன அடைவு. பாதை எதையும் சொல்லாமல் வெறுமனே @லேபிள் என்று சிங்க் செய்தால், லேபிளில் இருக்கும் கோப்புகள் அந்தந்த ரிவிஷனுக்கு வரும். ஒர்க்ஸ்பேஸில் இருந்து லேபிளில் இல்லாத கோப்புகள் அங்கிருந்து நீக்கப்படும். எடிட்டுக்காகத் திறந்திருப்பவையும் பெர்ஃபோர்ஸுக்குத் தெரியாத கோப்புகளும் மட்டுமே தப்பும். சோதனைக் கருவிகள் அடைவுக்கு லேபிள் போடவில்லை. அதனால் அது போனது. மறுபடி சிங்க் செய்தால் வந்துவிடும், இழப்பு எதுவும் இல்லை. லேபிளில் உள்ளவற்றை மட்டும் கொண்டுவந்து மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டுமென்றால் லேபிளின் பெயரை வீச்சுபோல இருமுறை, காற்புள்ளியிட்டு, @லேபிள்,@லேபிள் என்று கொடுக்க வேண்டும். ஆனாலும் ஒரு வெளியீட்டை மறுபடி கட்டிப் பார்க்கும்போது முதல் வடிவமே நல்லது. லேபிளில் இல்லாத கோப்பு ஒன்று ஒர்க்ஸ்பேஸில் மிஞ்சிக் கிடந்து பில்ட்டுக்கு உதவிவிட்டால், லேபிள் முழுமையற்றது என்ற உண்மை வெளியே தெரியாமல் போய்விடும்.

பதில்: தென்றல்வாசி

நெடுவழி அவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்தக் குழப்பம் பெர்ஃபோர்ஸுக்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். சிவிஎஸ், சப்வெர்ஷன், கிட் போன்ற வேறு பதிப்பு மேலாண்மை மென்பொருளிலிருந்து வருபவர்கள் அங்கே பழகிய நினைப்போடு லேபிளை அணுகுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

சிவிஎஸ் காலத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி ரிவிஷன் எண்ணே இருந்தது, ஒன்று 1.4-இல் நிற்கும், பக்கத்தில் இருப்பது 1.27-இல் நிற்கும். மொத்தத் தொகுப்புக்கு எண் கிடையாது என்பதால் டேக் இல்லாமல் ஒரு வெளியீட்டைத் திட்டமாகச் சுட்டுவதற்கு வழியே இல்லை. அங்கேயும் இதே இரட்டைக் கட்டளைகள் உண்டு. 'டேக்' உங்கள் பணிப்பிரதியில் உள்ள ரிவிஷன்களைக் குறிக்கும். 'ஆர்டேக்' நேரடியாகக் களஞ்சியத்தில் வேலை செய்யும். சிவிஎஸ்ஸில் பழகியவர் பெர்ஃபோர்ஸுக்கு வந்து 'டேக்' என்று தட்டினால், பழைய 'ஆர்டேக்' செய்த வேலைக்கு நெருக்கமானது நடக்கும். உங்கள் குழுவில் நிகழ்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிவிஎஸ்ஸில் -சி என்ற ஆப்ஷன் ஒன்று இருந்தது; பணிப்பிரதியில் கமிட் ஆகாத (களஞ்சியத்தில் இன்னும் சேராத) மாற்றம் இருந்தால் டேக் போட மறுத்துவிடும். அந்தச் சோதனையை இங்கே நாமேதான் பில்ட் ஸ்கிரிப்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சப்வெர்ஷனில் டேக் என்று தனியாக ஒன்றும் இல்லை. டேக்ஸ் அடைவுக்குள் எடுக்கப்படும் மலிவான நகல்தான் அது. அந்த நகலுக்குள் யாரும் மறுபடி கமிட் செய்ய முடியும் என்பதால், ஹூக் ஸ்கிரிப்ட் (கமிட்டின்போது தானாக ஓடும் நிரல்) வைத்தோ அனுமதிகளைக் கட்டுப்படுத்தியோ தடுத்தால்தான் அது நிலையானதாக இருக்கும். பணிப்பிரதியிலிருந்து நேரடியாக அந்த நகலை எடுத்தால், கலவையான ரிவிஷன்களோடு கமிட் ஆகாத மாற்றங்களும் சேர்ந்தே உள்ளே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் பெர்ஃபோர்ஸின் கண்டிப்பு எனக்குப் பிடிக்கிறது.

கிட்டில் டேக் சுட்டுவது ஒரு கமிட்டை, அதாவது முழு மரத்தின் ஒரு நிலையை. கோப்புவாரியாக வெவ்வேறு ரிவிஷன்களுக்கு ஒரே பெயர் கொடுக்கும் வழி அங்கே இல்லை. உங்கள் கலவையைக் கிட்டில் குறிக்க வேண்டுமென்றால், பழைய கமிட்டிலிருந்து கேலிப்ரேஷன் கோப்புகளை எடுத்து வைத்து, அந்தக் கலவையையே ஒரு கமிட்டாக்கி, அதன் மேல் டேக் போட வேண்டும். முதலில் இது கூடுதல் வேலைபோலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, பெர்ஃபோர்ஸிலும் அதை நீங்கள் பெறலாம்.

லேபிள் போட்ட பிறகு 'பாப்புலேட்' கட்டளையைக் கொண்டு அந்த லேபிளிலிருந்து ஒரு வெளியீட்டுக் கிளையை (தனிப் பாதையில் வளரும் நகலை) உருவாக்குங்கள். சர்வர் கோப்புகளின் உள்ளடக்கத்தை மறுபடி எழுதுவதில்லை, பழைய ரிவிஷனைச் சுட்டி வைக்கிறது. ஆகவே இடம் வீணாகாது. அந்த ஒரே சப்மிட்டில், பல காலங்களைச் சேர்ந்த ரிவிஷன்கள் அனைத்தும் ஒரு புதிய சேஞ்ச்லிஸ்ட் எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் வெளியீட்டை அதன்பின் ஓர் எண்ணாலேயே சொல்லலாம். அதைவிட முக்கியமானது, களத்தில் ஒரு பிழை வெளிப்பட்டால் அந்தக் கிளையிலேயே திருத்திச் சப்மிட் செய்ய முடியும் என்பது. லேபிளுக்குள் எதையும் சப்மிட் செய்ய முடியாது. நடந்ததைக் குறித்து வைக்க லேபிள், தொடர்ந்து பராமரிக்கக் கிளை என்று பிரித்துக்கொள்வதே உங்கள் தொழிலுக்கு ஏற்றது என்று நினைக்கிறேன், ஏனெனில் கருவிகளுக்குள் போன ஃபர்ம்வேர் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. 'ஃபைல்ஸ்' கட்டளையால் லேபிளின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். நெடுவழி ஐயா சொன்னதுபோல #8, #9 இரண்டும் லேபிள் போட்ட நாளுக்கு முன்பே சப்மிட் ஆகியிருக்கின்றன. வெளியீட்டுக் கிளை யோசனையையும் குழுவில் பேசி வருகிறோம்.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கள் தானியங்கி பில்ட் ஒவ்வோர் இரவும் ஒரு லேபிள் போடுகிறது; அதை அப்படியே தொடரலாமா? அடுத்து, சோதனையாளர்கள் ஒவ்வொரு முறையும் புதிய பெயரைத் தேட வேண்டாம் என்பதற்காக, 'ஒப்புதல்-பெற்றது' என்ற ஒரே லேபிளை ஒவ்வொரு ஒப்புதலுக்குப் பிறகும் புதிய ரிவிஷன்களுக்கு நகர்த்துகிறோம். இது முறைதானா?

பதில்: நெடுவழி

இரவு பில்ட்டுகளுக்கு நிலையான லேபிள் வேண்டாம். நிலையான லேபிளில் ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரின் தரவுத்தளத்தில் ஒரு பதிவு விழுகிறது. ஒரு லட்சம் கோப்புகள் உள்ள களஞ்சியத்தில் 300 இரவுகள் லேபிள் போட்டால் 3 கோடி பதிவுகள் சேர்ந்துவிடும். பேக்கப் எடுப்பதற்கும் சர்வரை மீட்டெழுப்புவதற்கும் ஆகும் நேரம் அதற்கேற்ப ஏறும். இரவு பில்ட் பொதுவாக ஒரே சேஞ்ச்லிஸ்ட்டில் நின்றுதான் எடுக்கப்படுகிறது. அதற்குத் தானியங்கி லேபிள் போதும். லேபிள் படிவத்தின் 'ரிவிஷன்' புலத்தில் @48210 என்பதுபோல எண்ணை எழுதிவிட்டால் அதுவே தானியங்கி லேபிள். கோப்புவாரிப் பதிவு எதுவும் இல்லை, பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கொண்டு சர்வர் கணக்கிட்டுக்கொள்ளும். அதன் 'வியூ' புலத்தில் உள்ள பாதைகள் மட்டுமே அதில் அடங்கும் என்பதால் வியூவைச் சரியாக எழுத வேண்டும். 'டேக்', 'லேபிள்சிங்க்' இரண்டும் அதற்குப் பொருந்தாது.

ஏற்கெனவே குவிந்துவிட்ட பழைய லேபிள்களை அழிக்க மனமில்லை என்றால், நிர்வாகியிடம் சொல்லி அன்லோட் டிப்போ (ஒதுக்கி வைப்பதற்கான சேமிப்பிடம்) ஒன்றை உருவாக்கச் செய்து, 'அன்லோட்' கட்டளையால் அங்கே நகர்த்தி வைக்கலாம். தேவைப்படும்போது 'ரீலோட்' செய்தால் திரும்பி வரும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. நகரும் பெயர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதை நிலையான லேபிளாக வைத்து நகர்த்தாதீர்கள். நிலையான லேபிளின் உள்ளடக்கம் மாறும்போது அந்த மாற்றத்துக்கு வரலாறு கிடையாது. நேற்று #7, இன்று #9 என்றால், நேற்று #7 இருந்தது என்பதைச் சொல்ல லேபிளில் எந்தத் தடயமும் மிஞ்சாது. சர்வரில் ஸ்பெக் டிப்போ (படிவங்களின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் இடம்) அமைத்திருந்தால்கூட அது லேபிளின் படிவத்தை மட்டுமே ரிவிஷன்களாகச் சேமிக்கும், உள்ளே இருக்கும் கோப்புப் பட்டியலைச் சேமிக்காது. தானியங்கி லேபிளில் எண்ணே படிவத்துக்குள் இருப்பதால், ஸ்பெக் டிப்போ இருந்தால் 'ஒப்புதல்-பெற்றது' எந்த நாளில் எந்த எண்ணைச் சுட்டியது என்பது முழுவதும் பதிவாகிவிடும். ஆகவே நகர வேண்டிய பெயருக்குத் தானியங்கி லேபிளைப் பயன்படுத்துங்கள். உங்கள் கலவைக்கு ஒற்றை எண் இல்லையே என்றால், தென்றல்வாசி சொன்ன வெளியீட்டுக் கிளையின் எண்ணை அதில் எழுதலாம். அந்தந்தக் கிளையின் பாதைக்கு ஏற்ப வியூவையும் மாற்றுங்கள், அதுவும் படிவத்தில் பதிவாகும்.

வாடிக்கையாளருக்குப் போன வெளியீட்டின் லேபிள் நகரவே கூடாது. சோதனை முடிந்து பைனரி வெளியே போகும் அதே நாளில் படிவத்தைத் திறந்து 'ஆப்ஷன்ஸ்' புலத்தில் 'அன்லாக்ட்' என்றிருப்பதை 'லாக்ட்' என்று மாற்றிவிடுங்கள். அதன் பிறகு 'டேக்', 'லேபிள்சிங்க்' இரண்டையும் சர்வர் மறுத்துவிடும். உரிமையாளர் மறுபடி திறக்க முடியும் என்பதால், உரிமையாளர் புலத்தில் தனிநபர் பெயருக்குப் பதிலாக பில்ட் பொறியின் கணக்கை வைப்பது நல்லது. வெளியீட்டில் ஒரு கோப்பு தவறிவிட்டது என்று பின்னால் தெரியவந்தாலும் பூட்டைத் திறந்து சரிசெய்யாதீர்கள். அடுத்த எண்ணுடன் புதிய லேபிள் போடுங்கள். பழைய லேபிள் குறையுள்ளதுதான், ஆனால் குறையுள்ள அந்த பைனரி வெளியே போயிருக்கிறதே, அதன் உண்மையான சாட்சி அது ஒன்றுதான்.

கிட் பயனர்களுக்கும் இதே அறிவுரைதான் அதன் கையேட்டிலேயே இருக்கிறது: வெளியே தள்ளிவிட்ட டேக்கை அதே பெயரில் மாற்றிப் போடாமல் புதிய பெயர் கொடுக்கச் சொல்கிறது. 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பிலிருந்து, கட்டாயப்படுத்தினால் ஒழிய, ஃபெட்ச் செய்யும்போது ஏற்கெனவே கைவசம் இருக்கும் டேக்கை கிட் மாற்றி எழுதாது.

பதில்: மணல்மேடு

மேலே உள்ளவற்றோடு பெயரிடுவது பற்றியும் சரிபார்ப்பது பற்றியும் சிறிது சேர்க்கிறேன்.

லேபிளின் பெயர் வெறும் எண்ணாக இருக்க முடியாது, ஏனென்றால் @ குறிக்குப் பிறகு வரும் எண்ணை சர்வர் சேஞ்ச்லிஸ்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள ஒர்க்ஸ்பேஸ், பிராஞ்ச், டிப்போ ஆகியவற்றின் பெயரையும் லேபிளுக்கு வைக்க முடியாது. கருவியின் பெயர், வெளியீட்டு எண், பிறகு தேவையானால் திருத்த எண் என்ற வரிசையைக் குழு முழுவதும் பின்பற்றினால் பட்டியலைப் பெயரால் வடிகட்டித் தேடுவது எளிதாகும். 'டேக்' கட்டளை, இல்லாத லேபிளைத் தானே உருவாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து தவறினால் எச்சரிக்கை எதுவும் வராது, இரண்டு அரைகுறை லேபிள்கள்தான் மிஞ்சும். ஆகவே முதலில் படிவத்தைத் திறந்து வியூவும் விளக்கமும் எழுதி லேபிளை உருவாக்கிவிட்டு, பிறகு கோப்புகளைச் சேர்ப்பதே நல்லது. விளக்கத்தில் சோதனைக்கூட ஒப்புதல் அறிக்கையின் எண்ணையும் பைனரியின் செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணையும்) எழுதி வையுங்கள்.

பூட்டுவதற்கு முன் சரிபார்க்க, 'டிஃப்2' கட்டளையை -கியூ ஆப்ஷனுடன் கொடுத்து, ஒரு பக்கம் @லேபிளையும் மறு பக்கம் @ குறியுடன் பில்ட் ஒர்க்ஸ்பேஸின் பெயரையும் வைத்து ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் கோப்புகளை அது விட்டுவிடும். உங்கள் முதல் கேள்வியில் வந்த லேபிளில் இதை ஓட்டியிருந்தால் கேலிப்ரேஷன் அட்டவணை மட்டும் திரையில் நின்றிருக்கும். எதிர்த்திசையிலும் தேடலாம்: 'லேபிள்ஸ்' கட்டளைக்கு அந்த அட்டவணையின் பாதையை #9,#9 என்ற வீச்சுடன் கொடுத்தால், ஒப்புதல் பெறாத அந்த ரிவிஷன் வேறு எந்தெந்த நிலையான லேபிள்களில் நுழைந்திருக்கிறது என்பதைக் காட்டும். பழைய வெளியீடுகள் அனைத்தும் ஒரே ஸ்கிரிப்டால் லேபிள் போடப்பட்டவை என்றால், இந்த வாரமே அதைச் செய்து பாருங்கள்.